சாப்ட்டு வரேன், கை வைக்காதே

அடியே,

இன்று காலை கவிதா என் மேஜைக்கு வந்து நின்றாள். உனக்கு அவளைத் தெரியாது. நீ போன பிறகு உன் இடத்துக்கு எடுத்த பெண். உன் நாற்காலியில்தான் உட்காருகிறாள். முதல் மாதம் முழுக்க அதற்காகவே அவளிடம் சிடுசிடுத்தேன், பாவம்.

"அக்கா, புது மெஷின்ல டெஸ்ட் ஓட மாட்டேங்குது. நம்ம சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆக ஆரம்பிச்சதும் விண்டோ தானா மூடிக்குது. ஸ்கிரிப்ட்ல முதல் வரியே மேல இருக்கிற விண்டோவ மூடச் சொல்லுது. எதுக்குக்கா இந்த லைன்?"

எட்டிப் பார்த்தேன். அந்த வரிக்கு மேலே நீ எழுதிவைத்த குறிப்பும் அப்படியே இருந்தது. ஆங்கில எழுத்தில் உன் தமிழ்: 'மொதல்ல என் சாப்பாட்டை மூடு.'

"டீ குடிச்சிட்டு வந்து சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டேன். சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் வாங்கிய டீ கையிலேயே ஆறிப்போயிற்று.

நாம் சேர்ந்த புதிதில் அந்த வேலை எவ்வளவு பேஜார், ஞாபகமிருக்கிறதா? பட்டறைகளுக்கு ஸ்டாக் பார்க்கும் சாஃப்ட்வேர். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒவ்வொரு பட்டறையிலும் ஒவ்வொரு காலத்துக் கம்ப்யூட்டர் தூசியும் எண்ணெயுமாக உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றிலும் ஓடியாக வேண்டும். அதற்காக ஒரே சர்வருக்குள் விதவிதமான கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக ஓடுவதுபோல் மெய்நிகர் இயந்திரங்களை வைத்திருந்தார்கள். புரோகிராம் எழுதுகிறவர்கள் சாஃப்ட்வேரை மாற்றி மாற்றிப் புதிய பதிப்பு, அதாவது பில்டு, கொடுக்கக் கொடுக்க, நாம் இருவரும் ஒவ்வொரு இயந்திரமாகத் திறந்து, அதைப் போட்டு, சோதித்து, துடைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். முடித்து நிமிர்வதற்குள் அடுத்த பில்டு வந்து நிற்கும்.

"இன்னாடி இது, பத்து பாத்திரம் தேய்க்கிற மாதிரி கீது. தேய்ச்சு கவுத்துட்டுத் திரும்பறதுக்குள்ள மறுபடி எச்சில் பண்ணிடறானுங்க" என்றாய். நான் புலம்பினேன். நீ அத்தனையையும் தானாகவே செய்துவிடும் கட்டளைகளை வரிசையாகக் கோத்து ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தாய்.

பில்டு வந்தால் இயந்திரத்தை அதுவே எழுப்பும். சுத்தமான நிலைக்குத் திருப்பும். சாஃப்ட்வேரைப் போட்டுச் சோதித்து, முடிவை நமக்கு அனுப்பிவிட்டு, அணைத்தும் வைக்கும். இயந்திரங்களுக்கு நம் பக்கத்து ஏரிகளின் பெயரை வைத்தது உன் குறும்புதான். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம். டிஸ்கில் இடமில்லாமல் போனால் "ஏய் சுமதி, உங்க ஊரு ஏரி ரொம்பி வழியுது, வூட்டுக்குப் போய் சாமானெல்லாம் மேல ஏத்து" என்று ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாய். சிட்லபாக்கத்தில் மழைக்காலம் எப்படியென்று தெரிந்தவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். அங்கேயே குடியிருக்கும் எனக்கு மட்டும் கோபம் வரும்.

அந்தச் சிட்லபாக்கம் இயந்திரத்தைத் தயார் செய்த அன்றுதான் நீ அந்தக் கூத்தைப் பண்ணினாய். எல்லாவற்றையும் துடைத்து ஒழுங்காக வைத்துவிட்டாய். இனி ஸ்நாப்ஷாட் எடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை அந்தக் கணத்தில் அப்படியே பிடித்துவைத்துக்கொண்டால், பிறகு என்ன குழப்படி செய்தாலும் அந்தக் கணத்துக்கே திரும்பிவிடும். உனக்கோ பசி. எனக்கோ அடுத்தவர் திறந்து வைத்திருக்கும் இயந்திரத்துக்குள் நுழைந்து எதையாவது நோண்டும் வியாதி. அதனால் எனக்காக அந்த இயந்திரத்துக்குள்ளேயே நோட்பேடைத் திறந்து பெரிதாக எழுதினாய்: 'சாப்ட்டு வரேன், கை வைக்காதே.' எழுதிவிட்டு, உன் சீட்டிலிருந்தே ஸ்நாப்ஷாட்டுக்குக் கட்டளை கொடுத்துவிட்டு, டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாய்.

நீ திரும்பி வந்து பார்த்தபோது உன் அறிவிப்பும் சேர்ந்து உறைந்துபோயிருந்தது. இயந்திரத்தை எத்தனை முறை பழைய நிலைக்குத் திருப்பினாலும் முதலில் அதுதான் வந்து நின்றது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "மறுபடி எடு" என்றேன்.

"யாருடி மறுபடி எல்லாம் பண்ணிகினு இருக்கிறது? ஒரு வரி போதும்" என்று சொல்லி ஸ்கிரிப்டின் தலையில் அந்த வரியைச் சேர்த்தாய். மேலே இருக்கும் விண்டோவை மூடு, சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல். அவ்வளவுதான். அந்த ஸ்கிரிப்டைத்தான் எல்லா இயந்திரத்துக்கும் வைத்தோம். மற்ற ஏரிகளில் மூட ஒன்றுமில்லாமல் அந்த வரி திருதிருவென்று விழிக்கக் கூடாது என்பதற்காக, அவற்றிலும் வெறும் நோட்பேடு ஒன்றைத் திறந்துவைத்து ஸ்நாப்ஷாட் எடுத்தாயே, அந்தச் சோம்பேறித்தனத்தை என்னவென்று சொல்வது!

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்று, இரண்டு வாய் கஞ்சிக்கு மேல் உன்னால் குடிக்க முடியவில்லை. டம்ளரை வாங்கி வைத்துவிட்டு நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீதான் பேச்சை ஆரம்பித்தாய்.

"அந்த நோட்டு இன்னும் அப்டியே கீதா?"

"இருக்கு."

"மூடிட்டு புதுசா ஸ்நாப்ஷாட் ஒண்ணு எடுத்து வெச்சிடுடி. பின்னாடி வர்றவங்க பாத்தா மானம் போயிடும்."

"உன் குப்பைய நான் எதுக்கு வாரணும்? நீயே வந்து எடு."

"கழுத, எனக்காகச் செய்ய மாட்டியா?"

"மாட்டேன்."

நீ சிரித்தாய். அது வெறும் பிடிவாதமில்லைடி. ஆபீஸில் உன் வேலை ஒன்று மிச்சமிருந்தால் நீ வந்துதானே ஆக வேண்டும்? புற்றுநோயிடம் அப்படி ஒரு அசட்டுக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நீ வரவில்லை. அதற்குப் பிறகும் நான் அதைத் தொடவில்லை. எடுத்துவிட்டால், நீ வரமாட்டாய் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? பில்டு வரும்போதெல்லாம் சிட்லபாக்கம் எழுந்திருக்கும். கண்மூடித் திறப்பதற்குள் 'சாப்ட்டு வரேன்' என்று சொல்லிவிட்டு மறைவாய். மற்ற வேலையை விட்டுவிட்டு அதைப் பார்ப்பதற்காகவே சில நாள் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பட்டறைக்காரர்கள் எல்லோரும் இப்போது புதுக் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டார்கள். பழைய இயந்திரங்கள் இனி தேவையில்லை. "இந்த வாரத்துக்குள்ள ஏரியெல்லாத்தையும் தூர்த்துடுங்க" என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் மேல் தப்பில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

டீக்கடையிலிருந்து திரும்பி வந்து கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புது இயந்திரத்தில் மூடுவதற்கு உன் நோட்டு இல்லை, அதனால்தான் அந்த வரி ஏதாவது விண்டோ வரும்வரை காத்திருந்து, முதலில் திறக்கிற நம் சாஃப்ட்வேரையே மூடித் தொலைக்கிறது என்றதும் அவள் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

"வேணும்னா புது மெஷின்லயும் அதே நோட்டைத் திறந்து வெச்சு ஸ்நாப்ஷாட் எடுத்துடலாமா அக்கா? லைன் இருந்துட்டுப் போகட்டுமே."

எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா! ஆனால் அதை நானல்லவா எழுத வேண்டும்? நான் எழுதினால் அது நீ சொன்னதாக ஆகுமா?

"வேணாம்மா. எடுத்துடச் சொல்லி அவளே சொன்னா. அழிச்சிடு" என்றேன். கவிதா அந்த வரியை அழித்தாள். டெஸ்ட் ஓடியது. எல்லாம் பாஸ், திரை முழுக்கப் பச்சை.

பிறகு பழைய சிட்லபாக்கத்தை நானே திறந்தேன், ஸ்கிரிப்ட் இல்லாமல். உன் வரி வந்து நின்றது. இந்த முறை மறையவில்லை. ஆசை தீரப் பார்த்தேன். மூடப் போனபோது 'சேமிக்கவா?' என்று கேட்டது. இத்தனை வருஷமும் அந்தக் கேள்விக்கு உன் ஸ்கிரிப்டே முந்திக்கொண்டு வேண்டாம் என்று சொல்லிவிடும். என்னை யாரும் கேட்டதில்லை. 'ஆம்' என்று அழுத்தினேன். கோப்புக்குப் பெயர் கேட்டது. உன் பெயரைப் போட்டேன். அழியப்போகிற இயந்திரத்துக்குள் ஒரு கோப்பைச் சேமித்து வைப்பவளைப் பார்த்தால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். அடித்துக்கொள். பிறகு நீ சொன்னபடியே அதை மூடினேன். இயந்திரத்தையும் அழித்தேன்.

"அக்கா, சாப்பிட வாங்க" என்று கவிதா கூப்பிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு டப்பாவை எடுத்தேன். எழும்போது வழக்கம்போல் சத்தமாகச் சொன்னேன்: "சாப்ட்டு வரேன், கை வைக்காதீங்க." நீ போனதிலிருந்து தினமும் இதைச் சொல்லாமல் நான் எழுவதில்லை. இது என்ன பழக்கம் என்று ஹாலில் யாருக்கும் தெரியாது. இன்று கவிதா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

சாப்பிட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். தினமும் சொல்லிவிட்டுப் போகிறேன், தினமும் திரும்பி வந்துவிடுகிறேன். நீ கொடுத்த வாக்கை நான்தான்டி காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

சுமதி