மூன்றாய் வெட்டிய புத்தகம்

அந்தப் புத்தகம் உன்னை மாற்றியதா? இல்லை, மாறிவிடுவது என்று முன்பே முடிவு செய்துவிட்டு அதற்குத் தோதாக ஒரு புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தாயா? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. நீ இருந்தபோது உன்னிடமே பலமுறை கேட்டிருக்கிறேன். "ரெண்டுல எதச் சொன்னா நீ வாய மூடுவ, அதச் சொல்றேன்" என்பாய். இப்போது அப்படி மடக்கவும் ஆளில்லை.

நேற்று திருவள்ளூர் பஸ் நிலையத்துக்கு எதிர்க் கடையில் அதன் புதிய பதிப்பைப் பார்த்தேன். வழுவழுப்பான அட்டை. கையில் எடுத்து விரித்ததும் பசை வாசனை அடித்தது. எனக்கு நினைவுக்கு வந்தது அதிலுள்ள ஒரு வரிகூட இல்லை. நம் பெயிண்ட் லேப், தின்னர் நெடி, உன் கையிலிருந்த பிளேடு. அவ்வளவுதான், விலையைக்கூடப் பார்க்காமல் ஒரு காப்பியை எடுத்துக்கொண்டேன். எனக்கு இப்படியெல்லாம் ஆவது வழக்கமில்லை என்று உனக்குத் தெரியும்.

"நல்லா போவுதா இது?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"அத்த ஏன் மேடம் கேக்கறீங்க! ஒருத்தர் நாலு காப்பி வாங்கிக்கினு போறாரு, ஊட்ல எல்லாருக்கும் குடுக்கணும்னு. இன்னொருத்தர் வந்து, எம் பையன் இதப் படிச்சிட்டு இன்ஜினியர் வேலய உட்டுட்டான், துட்டத் திருப்பிக் குடுன்னு சண்ட போடறாரு. நான் இன்னா பண்ணுவேன்? நான் எழுதனதா இது?"

நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன். இந்தச் சண்டையை ஊர் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. நாம் மூன்று பேர் எத்தனையோ வருஷத்துக்கு முன்பே கும்மிடிப்பூண்டி பெயிண்ட் கம்பெனி கேன்டீனில் இதைப் போட்டு முடித்துவிட்டோம். முடித்தோமா என்ன?

உனக்கும் எனக்கும் லேபில் வேலை. விஜயாவுக்குக் கணக்குப் பிரிவில். சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் மூவரும் ஒரே மேசை. சாயங்காலம் ஆனால் எனக்குத் திருவள்ளூர் கம்பெனி பஸ், உனக்குப் பொன்னேரிக்கு ரயில், விஜயாவுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பாக்கத்துக்கு ரயில். மூன்று திசைக்கு ஒரே ஒரு புத்தகம். நீ பழைய புத்தகக் கடையில் பிடித்தது, அப்போது வேறெங்கும் கிடைக்காது. பின்னட்டையைப் படித்துப் பார்த்துவிட்டு யார் முதலில் எடுத்துப்போவது என்று வழக்காகிவிட்டது.

பெயிண்ட் பூசிய தகட்டில் கட்டம் கட்டமாகக் கீறி, ஒட்டியிருக்கிறதா உரிகிறதா என்று பார்ப்போமே, அந்த பிளேடை லேப் கோட்டுப் பையிலிருந்து எடுத்தாய். புத்தகத்தின் முதுகில் வைத்து ஒரே இழுப்பு.

விஜயா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "அய்யய்யோ! புக்குக்கா அது! காலு பட்டாலே தொட்டுக் கும்புடுவோம், நீ இன்னாக்கா மீன் வெட்டற மாதிரி வெட்டற?"

"நான் பழவேற்காட்டுக்காரிடி. மீன் இன்னும் நல்லா வெட்டுவேன்" என்றாய். "டிரம்முல மேல, நடுவுல, அடியிலன்னு மூணு எடத்துல சாம்பிள் எடுக்கறோமில்ல? அதே மாதிரி ஆளுக்கு ஒண்ணு. ஒரு வாரம் கழிச்சி மாத்திக்கலாம்."

"கலக்காம எடுத்தா மூணும் மூணு பெயிண்ட் மாதிரி இருக்கும்" என்றேன்.

"இவ ஒருத்தி. எதுக்கெடுத்தாலும் ஒரு டவுட்டு."

முதல் பகுதி உனக்கு, நடுப்பகுதி எனக்கு, கடைசி விஜயாவுக்கு. யாரும் யோசித்துப் பிரிக்கவில்லை, கை நீட்டிய வரிசையில் வந்தது. அடியில் படியும் சரக்கைக் கலக்காமல் மாதிரி எடுக்கக் கூடாது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நீ. அந்த நீதான் ஒரு புத்தகம் மேலிருந்து அடிவரை ஒரே சரக்காக இருக்கும் என்று நம்பினாய்!

அடுத்த வாரம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே பேச ஆரம்பித்தாய். நீ வாழும் வாழ்க்கைக்கு நீ எப்போதாவது சம்மதம் சொன்னாயா என்று கேட்கும் பகுதி உன்னுடையது. பிறர் ஏற்பாடு செய்த வீட்டில் குடியிருந்துகொண்டு, கதவு பூட்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, ஒருமுறைகூட அதைத் தள்ளிப் பார்க்காதவர்களைப் பற்றியது.

"கதவு தொறந்தேதான் இருந்திருக்குதுடி. நாமதான் தள்ளிப் பாக்கல."

"இன்னா கதவு?" என்றாள் விஜயா. "நான் படிச்சதுல கதவே வரலியே. இருக்கற எடத்துல, கையில இருக்கற வேலய, நீயே கேட்டு வாங்கன மாதிரி செய்யின்னுதான் போட்டுருக்குது. எனக்கு அழுகையே வந்துடுச்சி."

என் பகுதியில் கதவும் இல்லை, அழுகையும் இல்லை. மனிதர்கள் முடிவை முதலில் எடுத்துவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடுகிறார்கள் என்று ஆசிரியர் பக்கம் பக்கமாக ஆராய்ந்திருந்தார். அதைச் சொன்னேன்.

"உனக்குன்னு பார்த்து எப்டி வந்துச்சி பாரு!" என்று நீ மேசையைத் தட்டிச் சிரித்தாய். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்று சாப்பாட்டு மணி முடிந்தும் எழுந்திருக்கவில்லை நாம். ஒரே புத்தகத்தைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று கேட்டவர் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மாற்றிக்கொள்ளும் நாள் வந்தது. நீ என் பகுதியை வாங்கவில்லை. "எனக்கு இது போதும்டி. மீதியப் படிச்சா நீ பேசற மாதிரி நானும் பேசுவேன், வேணாம்." விஜயாவும் வாங்கவில்லை. "முடிவே தெரிஞ்ச பொறவு ஆரம்பம் எதுக்கு?" நான்தான் இருவரிடமும் கடன் வாங்கிப் படித்தேன். மூன்று பகுதியையும் படித்தவள் நான் ஒருத்தி. எதையும் செய்யாமல் இருந்தவளும் நான் ஒருத்திதான்.

நீ ராஜினாமா கொடுத்தாய். திருவள்ளூருக்கே குடிவந்து, காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டைப் பிடித்துத் தண்ணீரும் எண்ணெயும் பெயிண்டும் பரிசோதிக்கும் சின்ன லேபை ஆரம்பித்தாய். சிறிய பட்டறைக்காரர்கள் ஒரு பாட்டில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு சென்னைவரை போக வேண்டியிருந்த காலம் அது. முதல்நாள் சாம்பிள் காயவைக்கும் மின் அடுப்பின் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, சூடு ஏறுகிறதா என்று இருவரும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் குந்தியிருந்தோமே! முள் நகர்ந்ததும் என் தோளில் நீ அடித்த அடி இன்னும் வலிக்கிறது.

விஜயாவோ எங்கும் போகவில்லை. அவளுடைய நைனா படுக்கையில் விழுந்த பிறகு, இருந்த வேலையையும் விடாமல், அப்பாவின் ஆரம்பாக்கத்து நெல் வயலையும் விடாமல், காலையில் வரப்பிலும் பகலில் கம்ப்யூட்டர் முன்பும் இருந்தாள். அவளைக் கேட்டால் எல்லாம் அந்தப் புத்தகம் தந்த தெம்பு என்பாள். ஒருத்தியை வெளியே போகச் சொன்னதும் ஒருத்தியை உள்ளேயே இருக்கச் சொன்னதும் ஒரே அட்டைக்குள் இருந்தவைதான். எனக்கு அது எரிச்சலாகவும் இருந்தது, பிரமாதமாகவும் இருந்தது.

உன் வீட்டுக்காரருக்கு அந்தப் புத்தகத்தைக் கண்டாலே ஆகாது. நீ ஒரு காய்ச்சலில் போய்விட்ட பிறகு என்னிடம் ஒருமுறை சொன்னார்: "அந்த புக்கு மட்டும் கைக்கு வரலன்னா, நிம்மதியா வேலைக்குப் போய்க்கினு வந்துக்கினு இருந்திருப்பா. ஒடம்பப் பார்த்திருப்பா." காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குத் தினமும் போய் வரும் அந்த மனிதர், அன்று வேலைக்குப் போகும் பையைத் தோளில் மாட்டியபடியே உட்கார்ந்திருந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் நஸ்ரினுக்கு, அவள் பயிற்சிக்குச் சேர்ந்த வேறொரு கும்மிடிப்பூண்டிக் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிறது. திங்கட்கிழமை காலை கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் உன் லேபை அவளே எடுத்து நடத்தலாம், போட்டால் மூடிவிட வேண்டியதுதான். நீ போனதிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது, ஷெட்டுக்காரரும் கேட்க ஆரம்பித்துவிட்டார். அவளுடைய வாப்பா கையெழுத்துப் போடச் சொல்கிறார். அவளுக்கு இரண்டு மனம். போன வாரம் என் வீட்டுக்கு வந்து, "உம்மா படிச்ச புக்க நானும் படிக்கணும் ஆன்ட்டி. எங்க ஊட்ல மொதல் பாகம்தான் இருக்குது" என்றாள்.

எனக்குப் பயமாக இருந்தது. எந்தப் பகுதியை முதலில் கொடுக்கிறேனோ அந்தப் பக்கம் அவளைத் தள்ளிவிடுவேனே? அதனால்தான் நேற்றுப் புதிய பதிப்பை வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன். திருப்பித் தந்துவிட்டாள்.

"இது வேணாம். உம்மா வெட்டனதுதான் வேணும். மூணையும் ஒண்ணா."

இன்று ஞாயிற்றுக்கிழமை. விஜயாவுக்கு போன் செய்தேன். தன் பகுதியை மஞ்சப்பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு, ரயில் மாறி ரயில் மாறி வந்துவிட்டாள். நஸ்ரின் ஷெட்டைத் திறந்தாள். மூன்று துண்டுகளையும் மேசைமேல் அடுக்கினோம். உன்னுடையது ஓரமெல்லாம் கறுத்திருந்தது, விஜயாவுடையதில் மஞ்சள் கறை. என்னுடையது புதுக் கருக்கு அழியாமல் இருந்தது. விஜயா அதை மட்டும் பார்த்துவிட்டு, "யக்கா, நீ படிச்சியா, பார்சல்லயே வெச்சிருந்தியா?" என்றாள்.

நஸ்ரின் ஜன்னலோரம் போய்ப் படிக்க உட்கார்ந்தாள். மெலிந்த புத்தகம்தானே, ஒரு பகல் போதும். நானும் விஜயாவும் சும்மா இருந்தோமா?

"அவ கையெழுத்துப் போடுவா பாரு" என்றாள் விஜயா. "கடைசியில என் பாகம்தான வருது. கடைசியா படிக்கறதுதான் மனசுல நிக்கும்."

"முதல்ல படிக்கறதுதான் நிக்கும். இல்லன்னா இவங்க உம்மா வேலய விட்டுட்டுப் போயிருப்பாளா?"

"அவங்க கடைசிய படிக்கவே இல்லியே! படிச்சிருந்தா போயிருக்க மாட்டாங்க."

"நீ முதல்ல இருந்து படிச்சிருந்தா போயிருப்பியா?"

"நான் எங்கக்கா போறது? அறுப்பு யாரு பாக்கறது?"

"அப்ப புக்கு எங்க வந்துச்சி இதுல? உனக்கு அறுப்புதான காரணம்!"

"உனக்கு இன்னாதான்க்கா காரணம்?"

இதற்கு நான் பதில் சொல்வதற்குள் ஜன்னலோரத்திலிருந்து, "ரெண்டு பேரும் செத்த சும்மா இருங்களேன், பேஜாரா இருக்குது" என்று குரல் வந்தது. அப்படியே உன் குரல். விஜயா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு நஸ்ரின் கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்தாள். தேர்வு முடிவுக்கு நிற்பவர்கள் போல நாங்கள் நின்றோம். அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுக்கா இத்தினி வருஷம் மூணு பேரும் சண்ட போட்டீங்க?"

"ஏம்மா, இன்னா?" என்றாள் விஜயா.

"இத எழுதன ஆளு யாரையும் போன்னும் சொல்லல, இருன்னும் சொல்லல. மொதல்ல ஒண்ணு கேக்கறாரு. அப்பறம், நீ சொன்ன பதில நம்பலாமான்னு கேக்கறாரு. கடைசியில, சரி, இப்ப இன்னா பண்ணப் போறேன்னு கேக்கறாரு. முழுக்கக் கேட்டுக்கினே போறாரு ஆன்ட்டி. நீங்கதான் ஆளுக்கு ஒரு கேள்வியப் புடிச்சிக்கினு அத்தப் பதில்னுட்டீங்க."

மூன்று துண்டுகளையும் எடுத்து வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். மூன்றையும் படித்திருந்தும் வரிசையாகப் படிக்காததால் எனக்கு இது தெரியவில்லையா? இவள் சொல்வதும் நான்காவது சாம்பிள்தானா? சந்தேகப்பட எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் சந்தேகமே சந்தோஷமாக இருந்தது. உன் தோளில் ஓங்கி ஓர் அடி வைக்க வேண்டும்போல இருந்தது.

"அப்ப நாளைக்கி?" என்று கேட்டேன்.

"தெரியல ஆன்ட்டி. வாப்பாகிட்டப் பேசணும்" என்று சொல்லிவிட்டு ஷெட்டைப் பூட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். உன்னை எல்லோரும் துணிச்சல்காரி என்கிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. உனக்கு என்னைவிடப் பயம் அதிகம். ராஜினாமா கொடுத்த அன்று அந்தக் கடிதத்தை எத்தனை தடவை கிழித்து எழுதினாய் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது துணிச்சல் இல்லை. ஒரு புத்தகத்தை உயிர்போகிற விஷயமாக எடுத்துக்கொண்டு சாப்பாட்டை மறந்து சண்டை போடலாம் என்பதுதான். அதற்குமுன் நான் படித்ததெல்லாம் பரீட்சைக்கு.

ஞாயிறு இரவு இந்த இடத்தில் தூக்கம் வந்து நிறுத்திவிட்டேன், மறுநாள் நடந்ததை மட்டும் இப்போது எழுதி முடித்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டுக் காக்களூர் போனேன். ஷெட் திறந்திருந்தது. நஸ்ரின் தரையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். காலையில் கம்பெனிக்கு போன் செய்து, கையெழுத்துப் போட வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம். வாப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். காலையில் காட்டுப்பள்ளி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "சாயங்காலம் பூட்டறப்போ கேஸ் சிலிண்டர மூடுனியான்னு ரெண்டு வாட்டி பாரு" என்றாராம்.

பத்து மணி போல, ஷெட் திறந்திருப்பதைப் பார்த்து ஒருவர் வந்தார். போர்வெல் போடுகிறவர். கூல்ட்ரிங்ஸ் பாட்டில் ஒன்றில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். நஸ்ரின் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"இந்த பாட்டில்ல எடுத்தா ரிசல்ட் தப்பா வரும். நான் தர்றதுல புதுசாப் புடிச்சிக்கினு வாங்க."

"ஒங்கம்மாவோட இதே ரோதன. சரி, பொண்ணாவது கண்டுக்காதுன்னு பார்த்தா, நீ அதுக்கு மேல இருக்கறியேம்மா!" என்று முணுமுணுத்தபடி, அவள் கொடுத்த பாட்டிலை வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

மதியத்துக்குள் திரும்பி வந்தார். பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. நஸ்ரின் கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். பாட்டில்மேல் ஒட்டும் சீட்டில் ஊர்ப் பெயரையும் தேதியையும் நான் எழுதினேன்.