கங்காணிக்குப் பக்கத்து நாற்காலி

786
வேலூர், 2-8-1937

என் உயிர்த் தோஸ்த் இருதயராஜுக்கு,

உன் இஷ்தியாக் எழுதிக்கொண்டது. நான் நலம், ஹாஸ்டல் சாம்பார்தான் நலமில்லை. எங்கள் காலேஜ் சங்கத்துக்கு என்னைக் காரியதரிசி ஆக்கிவிட்டார்கள். காரியம் எனக்கு, தரிசனம் மற்றவர்களுக்கு.

21-ம் தேதி, வெள்ளைக்காரன் ஆளும் கடல் கடந்த நாடுகளைப் பற்றிச் சர்ச்சைக் கூட்டம். மலேயா, பிஜி, நெட்டால் எல்லாம் உண்டு. பேச யாரைக் கூப்பிடுவது என்று ஒரே ரகளை. ஒருத்தன் பென்ஷன் தாசில்தார் பேரைச் சொன்னான். அவர் பார்த்த கடலை எல்லாம் வறுத்த கடலைதான் என்றேன். "மலேயாவில் வருஷக்கணக்காய் ரப்பர் மரம் சீவினவர் ஆம்பூர் தோல் கிடங்கில் இருக்கிறார், என் தோஸ்த்தின் அப்பா" என்றதும் எல்லாரும் அடங்கினார்கள். சவரியப்பன் மாமாவை எப்படியாவது அழைத்து வா.

உன்,
இஷ்தியாக்


சேசு மரி சூசை
ஆம்பூர், 6-8-1937

அன்புள்ள இஷ்தியாக்,

அந்தப் பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுவார். முதுகுத் தழும்பைப் பார்த்திருக்கிறோம். அது எப்படி வந்தது என்று கேட்டதில்லை. ஆனாலும் மரியான் அண்ணனுக்காகக் கேட்டேன். அண்ணன் மலேயாவுக்குப் பேர் கொடுத்திருக்கிறான். "நீ போய்ட்டு வரலியா, நான் போனா இன்னா?" என்று அப்பாவையே மடக்குகிறான். அம்மா அழுது ஓய்ந்துவிட்டாள்.

நீ கூப்பிட்டதை அப்பாவிடம் சொன்னேன். அவர் அண்ணனைக் கூப்பிட்டு, "நீயும் வாடா. நாலு பேர் முன்னால சொல்றேன். கேட்டுட்டு அப்புறமும் போறதுன்னா போ" என்றார். கிணற்றடியில் தனியாகப் பேசிப் பார்க்கிறார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கங்காணி தாவீது இப்போது வேலூரில் இருக்கிறார். அப்பாவைக் கப்பலேற்றித் தோட்டத்தில் வேலை வாங்கியவர் அவர்தான், அண்ணனுக்கு ஆசை காட்டுகிறவரும் அவர்தான். அவரை மட்டும் கூப்பிடாதே.

அன்புடன்,
இருதயம்


786
வேலூர், 20-8-1937

தோஸ்த்,

கோபிக்காமல் படி. தாவீது கங்காணியைக் கூப்பிட்டாச்சு.

எங்கள் சங்கத்தில் டீயும் பிஸ்கோத்தும் தருகிறவருக்கே தலைமை நாற்காலி. இவர் கேக்கும் தருகிறேன் என்றார், பையன்கள் கைதட்டிவிட்டார்கள். நான் தடுத்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. இரண்டு நாற்காலிகளையும் ஒட்டிப் போடப் போகிறேன். மாமா பேசப் பேச அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம். ஊரையே கண்காணித்த கங்காணியை ஊர் கண் காணட்டுமே. மாமாவிடம் மூச்சு விடாதே. மேடையில் திடீரென்று பார்த்தால்தான் ரோஷம் ஜாஸ்தியாய் வரும்.

இஷ்தியாக்


ஆம்பூர், 29-8-1937

இஷ்தியாக் அகமது அவர்களுக்கு,

உங்கள் 20-ம் தேதிக் கடிதம் நாங்கள் ரயிலேறிய பிறகு வீட்டுக்கு வந்திருக்கிறது. திரும்பி வந்துதான் படித்தேன். ஏன் சொல்லாமல் போய்விட்டோம் என்று ஆள் அனுப்பிக் கேட்டிருந்தீர்கள்.

தோட்டத்தில் கங்காணி எதிரே கூலிக்காரன் உட்காரக் கூடாதாம். காலில் செருப்பு இருக்கக் கூடாதாம். அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது. மேடையில் தாவீதைப் பார்த்ததும் அப்பா செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "உக்காரு சவரி" என்று அவரே சொல்லியும் நின்றார். நீங்கள் நாற்காலியை இழுத்து அப்பாவின் முழங்காலில் முட்ட வைத்தீர்கள். அப்போதும் நின்றார். ஹாலே சிரித்தது.

"பேசுங்க மாமா" என்றீர்கள். பேசினார். "எஜமானே இருக்காரு, நான் இன்னா சொல்றது. எங்கள நல்லா வெச்சிருந்தாரு." அவ்வளவுதான்.

அண்ணன் கடைசி வரிசையில் இருந்து கைதட்டினான். வெள்ளிக்கிழமை, மலேயாவுக்கு ஆள் சேர்க்கும் ஆவடி முகாமுக்குப் போய்விட்டான். அங்கிருந்து கப்பல். புறப்படும்போது, "மேடைல சொன்னது பொய்டா" என்று அப்பா வாசலை மறித்தார். "நாலு பேர் முன்னால சொல்றத கேட்டுட்டு முடிவு பண்ணுன்னு நீதான சொன்ன" என்று அண்ணன் அவரை விலக்கிக்கொண்டு போனான்.

உங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று அப்பா சொல்கிறார். எனக்கும் அது தெரியும். ஆனால் ஐந்து வருஷம் ஒரே பெஞ்சில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான். ஹால் நிறையப் பேர் சிரித்தாலும், அதில் உங்கள் சிரிப்பு எது என்று எனக்குத் தெரியும்.

பதில் வேண்டாம்.

சவரியப்பன் மகன்
இருதயராஜ்