என் முகத்துக்கு ஒரு சாட்சி

2008 ஏப்ரல் 20, ஞாயிறு

கோயிலால் வந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியைத் திட்டினேன். அதை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தது அக்கா பிறிஜெற்றின் வேலை. அந்த வெளிச்சத்தில் நெற்றியில் மூன்று கோடு, கண்ணோரம் எண்ணவே ஏலாது. நாற்பத்தெட்டு வயதுக்கு இது நியாயமா?

சவுந்தரநாயகம் மே 31 வருகிறாராம், நோர்வேயிலிருந்து. வெள்ளவத்தையில் தங்கை வீட்டில் ஒரு மாதம் நிற்பார். "கொறற்றி, உம்மோட நேரில ஒரு விசயம் கதைக்கவேணும்" என்று ரெலிபோனில் சொன்னார். என்ன விசயம் என்று எனக்குத் தெரியாதா? எண்பத்து மூன்று ஜூலை வரைக்கும் புறக்கோட்டை ஒபிசில் எனக்கு எதிர் மேசை. கலவரத்தோடு போனவர், அங்கே கலியாணம் கட்டினார். மூன்று வருடத்துக்கு முன் மனைவி தவறிவிட்டா. இப்போது ஞாயிறு தவறாமல் ரெலிபோன் எடுக்கிறார்.

வரட்டும், சந்தோசம். ஆனால் அந்தப் படம்! ஜனவரியில் என் படமொன்று கேட்டார். நானும் மேபல் மச்சாளின் கலியாண வீட்டில் எடுத்ததை அனுப்பினேன். அந்தக் கலியாணம் நடந்து பன்னிரண்டு வருடம். அதோடு விட்டேனா? பின்பக்கத்தில் 'போன நத்தாருக்கு எடுத்தது' என்று, ஏதோ போன மாதத்துப் படம்போல, என் கைப்பட எழுதியும் வைத்தேன். ஏன்டி எழுதினாய்? ஆர் உன்னைக் கேட்டது?

இன்னும் நாற்பத்தொரு நாள். அதற்குள் இந்த முகம் அந்தப் படமாக வேண்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கிராண்ட்பாஸில் லுத்பியா என்று ஒருவர், டுபாயில் தொழில் பழகி வந்து வீட்டு முன்னறையிலேயே முகத்துக்கு வைத்தியம் பார்க்கிறார். சின்ன உருளை, புல் வெட்டும் மெசினின் குட்டி மாதிரி. அதைச் சுற்றி மயிரைப்போல மெல்லிய ஊசிகள். "எனக்கெண்டே புதுசா உடைக்கிறீங்கதானே?" என்று இரண்டு தரம் கேட்டேன். உறையைக் கண் முன்னே கிழித்துக் காட்டினார்.

முதலில் மரக்கச் செய்யும் கிறீம். அரை மணித்தியாலம் கதிரையில் மரமாக இருந்தேன். பிறகு நெற்றியில் உருட்டத் தொடங்கினார். மரத்த இடத்தில் கறகற என்றது. மேலுதட்டுப் பக்கம் மரக்கவேயில்லை, "யேசுவே!" என்று கத்திவிட்டேன்.

"சின்னச் சின்ன ஓட்டை ஈக்கும். அத மூடுறதுக்குத் தோல் புதுசா வளரும். அப்பக் கோடு கொறயும்" என்றார். "அழியாதா?" என்றேன். "கொறயும் எண்டுதான் சொன்ன."

நல்ல மனுசி. பொய் சொல்லத் தெரியாத ஆளிடம்தான் என் பொய்யைக் கொண்டுபோயிருக்கிறேன்.

ஏப்ரல் 28, திங்கள்

முகம் தக்காளி. ஒபிசுக்கு லீவு.

மே 18, ஞாயிறு

குறைந்திருக்கிறது! நெற்றிக் கோடுகளில் மேலே உள்ளது நல்லாய் மங்கிவிட்டது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, கழற்றி, திரும்பப் போட்டுப் பார்த்து, "ஓம், கொஞ்சம் பளபளப்புத்தான். எண்ணெய் வழியுதோ?" என்றாள். கூடப்பிறந்தவளாம்.

மே 25, ஞாயிறு

இரண்டாம் தரம். "அஞ்சு நாளைக்கு வெயில் வாணாம், பவுடர் வாணாம், எந்த எண்ணெயும் பூச வாணாம்" என்று விரல் மடித்துச் சொல்லி அனுப்பினார் லுத்பியா. சனிக்கிழமை ஆள் வரும்போது சரியாக ஆறாம் நாள். இந்தக் கணக்கில் எனக்கே பெருமை.

மே 27, செவ்வாய்

அக்கா நவநாளுக்குப் போய் வந்து, கைப்பையிலிருந்து சின்னப் போத்தலை எடுத்தாள். அந்தோனியார் விளக்கு எண்ணெய். "உன்ர முகம் எரியுது எண்டாய். கண்ணை மூடு." பூசிவிட்டாள், நெற்றியில் சிலுவையும் போட்டு.

தடுத்திருக்கலாம். லுத்பியா சொன்னது எண்ணெய், இது ஆசீர்வாதம், இரண்டும் ஒன்றா என்று நினைத்தேன். அக்கா என்னைத் தொட்டுப் பூசிவிட்டு எத்தனை வருடம்! அதுவும் ஒரு காரணம்.

மே 28, புதன்

ஐயோ கடவுளே. கன்னமெல்லாம் கொப்புளம்.

லுத்பியாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். முதலில் ஏசினார். "எண்ணெய் வாணாமெண்டு சொன்ன இல்லையா?" "அது அந்தோனியாரின்ர எண்ணெய்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வெடித்தது. டொக்டரிடம் போகச் சொன்னார். டொக்டர் கிறீம் தந்தார், ஆற ஒரு கிழமை செல்லுமாம்.

அக்கா சமையலறையில் அழுகிறாள். நான் போய் அவளைத் தேற்ற வேண்டியிருக்கிறது. என்ர முகத்தை ஆர் தேற்றுறது?

மே 31, சனி

வந்துவிட்டார். ரெலிபோனில் காய்ச்சல் என்றேன். பொய் நம்பர் இரண்டு.

ஜூன் 1, ஞாயிறு

நடந்ததை இப்போதே எழுதவேணும்.

பத்து மணிக்கு வாசலில் திரீவீல். காய்ச்சல்காரிக்குத் தோடம்பழப் பையோடு அவர்! தலை பாதி வழுக்கை, அதே சிரிப்பு. நான் சால்வையை மூக்குவரை இழுத்துக் கட்டிக்கொண்டு, "பல்லு வீங்கிப்போச்சு" என்றேன். மூன்று. "தங்கச்சி சமைச்சு வைச்சிருக்கிறா, கஞ்சியெண்டாலும் குடிக்கலாம், வாரும்" என்றார். அக்கா பின்னால் நின்று தள்ளாத குறை.

கொள்ளுப்பிட்டிக்கு முன்னாலேயே செக்பொயின்ற். இறக்கினார்கள். ஆமிக்காரப் பெடியன் என் ஐசியை, அதுதான் அடையாள அட்டையை, வாங்கிப் பார்த்தான், சால்வையைக் காட்டி எடுக்கச் சொன்னான். வேறு வழி? எடுத்தேன். நடு வெயில். அட்டையைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். "மே ஓயா நெமெய்னே" — இது நீங்கள் இல்லையே என்கிறான்! எண்பத்தொன்றில் எடுத்த படம். கூட்டிக்கொண்டு போய் அடைத்துவிட்டால்? இவர் இருக்கிறாரே, இவரும் அல்லவா பார்க்கிறார், கொப்புளத்தை, கோட்டை, எல்லாவற்றையும்.

அவர் கையை நீட்டி அட்டையைக் கேட்டார். பெடியனும் கொடுத்தான். பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு இருபத்தைந்து வருடம் துருப்பிடித்த சிங்களத்தில், "எயா தமய், மல்லி. மம தன்னவா" என்றார். அவதான், தம்பி, எனக்குத் தெரியும். "இந்தப் படம் எடுக்கேக்க என்ர சீப்பாலதான் தலை இழுத்தவ" என்று அதையும் கையால் தலைவாரிக் காட்டிச் சொன்னார். பெடியன் சிரித்துவிட்டான். அட்டையை மாற்றச் சொல்லி விட்டுவிட்டான்.

திரீவீலில் ஏறியதும் எல்லாவற்றையும் கொட்டினேன். நத்தார், காய்ச்சல், பல்லு, ஊசி, அந்தோனியார். அழுதுகொண்டே சொன்னேன். கண்ணீர் பட்டுக் கன்னம் எரிந்தது.

"அது நத்தாருக்கு எடுத்ததில்லை, கலியாண வீட்டுப் படமெண்டு எனக்கு அப்பவே தெரியும். பின்னுக்கு மாப்பிள்ளை மாலையோட நிக்கிறார்" என்றார்.

நான் அந்தப் படத்தில் என் முகத்தைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லையே!

ஜூன் 2, திங்கள்

விசயத்தைக் கதைத்தார். ஓம் என்றேன்.

நவம்பர் 8, சனி

கலியாணத்துக்கென்று திரும்பி வந்த இவரோடு போய்ப் புது ஐசிக்குப் படம். மூன்றாம் தரமும் லுத்பியாவிடம் போய் வந்திருக்கிறேன், கலியாணத்துக்கு முன், எண்ணெய் இல்லாமல். அக்கா போத்தலை ஒளித்து வைத்திருக்கிறாள்.

ஸ்ரூடியோக்காரர் கொம்பியூட்டரில் என் முகத்தைப் பெரிதாக்கி, "மிஸிஸ் சவுந்தரநாயகம், இந்தக் கோடுகளை எடுத்துவிடவா?" என்று கேட்டார். "கண்ணோரத்தில மட்டும் கொஞ்சம்" என்றேன். ஆசை விடுமா?

இவர் சீப்பைச் சட்டைப்பைக்குள் வைத்தபடி குறுக்கே விழுந்தார். "ஒண்டையும் தொடவேண்டாம், தம்பி. பிறகு ஆமி மறிச்சால், நானல்லோ திரும்பச் சாட்சி சொல்லவேணும்."