ரெபேக்காவின் நடத்தைப் புள்ளி

ஜூன் 17, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. குளியலறைக் கூரை ஒழுகல். வாளி வைத்தாயிற்று. பிரஷர் மாத்திரை முடியப்போகிறது, வாங்க வேண்டும்.

பத்து மணிக்குக் கல்வியியற் கல்லூரியிலிருந்து போன். பயிலுனர் இணைப்பாளர் மேடம். தோட்டத்து மேல் டிவிஷன் பள்ளிக்கூடத்தில் பயிற்சியில் இருக்கும் ரெபேக்கா மீது அந்தப் பள்ளி அதிபர் முறைப்பாடு அனுப்பியிருக்கிறாராம். நடத்தைக்கு இருபது புள்ளி. பத்துக்குக் கீழே போனால் பயிற்சி முழுவதும் மறுபடி. ஒரு வருடம் வீண். புள்ளி போட வேண்டியவன் மேற்பார்வைக்குப் போகிற நான்.

முறைப்பாடு வட்ஸ்அப்பில் வந்தது.

1. அனுமதியின்றிப் பாடசாலை நேரத்தில் வெளியேறியமை.
2. பாடசாலை நேரத்தில் கைப்பேசி பாவித்தமை.
3. பொது வீதியில் தகாத உடையில் காணப்பட்டமை.

மூன்றாவதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ரெபேக்காவா? எஹலியகொடப் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. கேட்டால்தான் வாய் திறப்பாள். பயிலுனர்களுக்கு ஒழுக்கவிதி வகுப்பு எடுப்பவனும் நானே. சேலைக்கு ஆறு ஊசி, குதிகால் உயராத செருப்பு, போன் பையில். என் வகுப்பில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும்.

மனைவி: "விசாரிக்காம மார்க்க கொறச்சுப்புடாதீங்க. எவன் சத்தமா பேசுனாலும் தலையாட்டுற ஆளு நீங்க."

மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

மழை விட்டது. சந்தி வரை பஸ், பிறகு நடை. காலில் இரண்டு அட்டை.

அதிபர் இல்லை. "மீட்டிங்." இரண்டு வகுப்புக்கு நடுவே ரெ. நின்று ஒரு பக்கம் கணிதம், மறு பக்கம் தமிழ். முதல் வரிசையில் மூன்றாம் ஆண்டு கௌசி. முகம் இன்னும் வீக்கம், ஒரு கண் பாதிதான் திறக்கிறது.

இடைவேளையில் ரெ.விடம் கேட்டேன். சொன்னாள். அவள் சொன்னபடியே:

"போன வியாழக்கிழமை சேர். அதிபர் சேர் காலையிலேயே போயிட்டாரு. மத்த மிஸ் பஸ்ஸுக்குன்னு பன்னெண்டு மணிக்கு போயிட்டாங்க. கக்கூசுக்குப் பின்னாடி மரத்துல குளவி கலைஞ்சிருச்சு. கௌசி உள்ள மாட்டிக்கிட்டா. தலை முழுக்க குளவி. நான் சேலைய உருவி அவளச் சுத்தித் தூக்கிட்டேன்."

"ஊசி?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த கேள்வி அது!

"கழட்ட எங்க சேர் நேரம்? கிழிச்சுட்டேன்."

மற்றப் பிள்ளைகளை வகுப்புக்குள் போட்டுக் கதவடைத்து, தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்து அம்மாவைக் கூப்பிட்டு ஒப்படைத்திருக்கிறாள். அதிபருக்கு மூன்று முறை போன். மூன்றையும் அவர் வெட்டிவிட்டார். பிறகு பாவாடை ரவிக்கையோடு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ரோட்டுக்கு ஓட்டம். அவளுக்கும் கழுத்தில் ஏழெட்டுக் கொட்டு. காட்டவில்லை, நான்தான் பார்த்தேன்.

அவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன த்ரீவீல்காரரையும் சந்தியில் கண்டேன். சிங்கள மனிதர். ஏறச் சொன்னதும் தன் துவாயை எடுத்து அவளிடம் கொடுத்தாராம். "மே மிஸ் நெத்தங் லமயா நே, சேர்." இந்த மிஸ் இல்லையென்றால் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரியில் மூச்சே அடைத்துவிட்டதாம், ஊசி போட்டுத்தான் திரும்ப வந்ததாம்.

ஆக:

1. அனுமதி. யாரிடம் கேட்பது? மரத்திடமா?
2. கைப்பேசி. அழைத்தது அவரைத்தான்! எடுக்காத மனிதர் அதையே குற்றம் என்று எழுதுகிறார்.
3. உடை.

மூன்றாவதற்கு எழுத வார்த்தை வரவில்லை. பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. இரவு சாப்பாடு வேண்டாம் என்றேன். "கோவத்த அங்க காட்டுங்க, சோத்துல காட்டாதீங்க" என்றாள் மனைவி. சாப்பிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

வெயில். உடுப்பு காய்ந்தது. மாத்திரை வாங்கியாயிற்று.

காலை அதிபர் போன். குரலில் தேன். "சேர், நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்கு? அந்தப் புள்ள ஒரு மன்னிப்புக் கடிதம் குடுக்கட்டும். நீங்க பன்னெண்டோ பதிமூனோ போட்டு பாஸ் பண்ணிவிடுங்க. ஒரு டீச்சர் பாவாடையோட ரோட்டுல ஓடுனா தோட்டத்துல நமக்கு என்னா மரியாதை, சொல்லுங்க?"

நான் சொன்னது: "சரிங்க சேர்."

சரிங்க சேர்! நேற்று பேனாவால் காகிதத்தைக் கிழித்தவன் இன்று சரிங்க சேர். போனை வைத்தபோது மனம் லேசானதும் உண்மை. சீ.

ரெ.வுக்கு அழைத்துச் சொன்னேன். அவள் சொன்னது:

"அப்பாவும் எழுதிக் குடுத்துட்டு முடின்னுதான் சொல்றாரு. நீங்க அங்க இருந்திருந்தா என்னா சேர் செஞ்சிருப்பீங்க?"

கேட் பக்கத்தில் நின்று அனுமதிக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்திருப்பேன். அதைச் சொல்லவில்லை. லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

மாலையில் அவளிடமிருந்து ஒரு வரி: "நான் எழுத மாட்டேன் சேர். மன்னிச்சுக்கோங்க."

மன்னிப்பாம்! பிள்ளை செத்திருந்தால் சேலை ஒழுங்காக இருந்திருக்கும். ஆறு ஊசியும் இடத்தில் இருந்திருக்கும். முறைப்பாடும் வந்திருக்காது. இதைத்தானா நாங்கள் நடத்தை என்று படிப்பிக்கிறோம்?

நாளை கல்லூரியில் கூட்டம். பேச வேண்டியதை ஆறு குறிப்பாக எழுதிப் பாடம் பண்ணினேன். மனைவியிடம் சொல்லிக் காட்டினேன். "அஞ்சாவது நல்லாருக்கு. ஆனா அவ்வளவு நேரம் உங்கள பேச விடமாட்டாங்க."

ஜூன் 20, வெள்ளி

மறுபடி மழை. குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

மேடம், அதிபர், நான். ரெ. வெளியே பெஞ்சில். அதிபர் சிரித்துக்கொண்டே, "கடிதம் கொண்டாந்தாளா?" என்றார்.

இருபது என்று போட்டு, கையெழுத்திட்டு, தாளை மேடம் பக்கம் தள்ளினேன். சுழியம் கொஞ்சம் கோணல்.

அதிபர்: "என்னா சேர் இது? நேத்து சரின்னீங்களே!"

ஆறு குறிப்பில் ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. கீச்சென்று ஒரு குரல் வந்தது. என் குரல்தான். "போன வாரம் வியாழக்கிழமை மத்தியானம் நீங்க எங்க இருந்தீங்க?"

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் தாளைப் பார்த்தார். பிறகு அதிபரே, "சரி சரி, நான் முறைப்பாட்ட வாபஸ் வாங்கிக்கிறேன். புள்ளையோட எதிர்காலம், பாவம்" என்றார்.

பாவமாம்.

மேடத்துக்கு நிம்மதி. "அப்ப இருபதே இருக்கட்டும். பிரச்சினை முடிஞ்சுது" என்று பைலை மூடினார். வெளியே இருந்தவளை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். ரெ. "தேங்க்யூ மேடம்" என்று நின்றாள். அதிபர் குடையை எடுத்தார்.

எனக்கு மட்டும் முடியவில்லை. முறைப்பாடு போய்விட்டால் கேள்வியும் போய்விடும். திங்கட்கிழமையும் அவர் காலையிலேயே போய்விடுவார். மரத்தில் கூடு அப்படியே இருக்கிறது.

எழும்பிக் கதவுப் பக்கம் போய் நின்றேன். எப்படி நின்றேன் என்று தெரியவில்லை. அவர் வெளியே போக வேண்டுமானால் என்னைத் தாண்ட வேண்டும்.

"சேர், வழிய விடுங்க."

"எங்க இருந்தீங்கன்னு சொல்லிட்டுப் போங்க" என்றேன். இந்த முறை கீச்சென்று வரவில்லை. மேடம் பைலை மறுபடி திறந்தார்.