முப்பது பேரோடு தங்கியவன்

ஸ்கிப்டன்,
3 டிசம்பர் 1944

அன்பு மகன் வில்ஃபுக்கு,

நானும் அம்மாவும் நலம். உன் தோள் காயம் ஆறி வருகிறது என்று நீ எழுதியதை அம்மா பாதிதான் நம்புகிறாள். உனக்கு முன்பே இதைப் பிரித்துப் படிக்கிற தணிக்கை அதிகாரிக்கும் என் வணக்கம்.

செஞ்சிலுவைச் சங்கம் வழியாகக் கம்பளிக் காலுறை மூன்று ஜோடி வரும். அம்மா பின்னியது. கேலி செய்யாமல் போட்டுக்கொள்.

போர்க்கைதி முகாமிலிருந்து நீ போட்ட அட்டையில், ‘எதிரியிடம் கைதூக்கிவிட்டேன் அப்பா, ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டாம்’ என்று எழுதியிருந்தாய். நானும் சொல்லவில்லை. செருப்புக் கடையில் யார் கேட்டாலும், வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

போன செவ்வாய்க்கிழமை உன் படைப்பிரிவு சார்ஜென்ட் குரோதர் வந்தார். பூட்ஸுக்கு அடித்தோல் மாற்ற வேண்டுமாம். அதெல்லாம் சாக்கு, தோல் புதிதாகவே இருந்தது. கடை நிறைய ஆட்கள் இருக்க, அவர் சொன்னார்: “விமானத்துலேர்ந்து பாராசூட்டோட எப்பவும் முதல்ல குதிக்கறது உங்க மகன்தான் ஐயா. ஆப்பிரிக்காவுலயும் அப்படித்தான். சிசிலியில எங்கள ஏதோ ஒரு வயல்ல கொட்டிட்டாங்க. அவர் பின்னாலயே நடந்துதான் பாலத்தப் பிடிச்சோம். ஹாலந்துல, பூட்ஸுல துணியச் சுத்திக்கிட்டு சத்தமில்லாம ராத்திரியோட ராத்திரியா ஆத்தைத் தாண்டிப் பின்வாங்கி வந்துடணும்னு உத்தரவு. காயம்பட்டு நடக்க முடியாதவங்க முப்பது பேர் கெடந்தாங்க. ‘நீங்க கெளம்புங்கப்பா, இவங்ககூட ஒருத்தர் இருக்கணும்’னு சொல்லிட்டு அங்கயே உக்காந்துட்டார். நான் பூட்ஸுல சுத்திக்கிட்டது அவர் போர்வையக் கிழிச்சுக் குடுத்த துணிதான்.”

வங்கி மேலாளர் பிரேத்வெய்ட் தொப்பியைக் கழற்றினார். உனக்கு அதிகாரிப் பதவி வந்தபோது, “செருப்பு தைக்கிறவன் மகனுக்கு அதிகாரிங்க விருந்து மேசையில எந்தக் கரண்டியால சாப்பிடணும்னாவது தெரியுமா?” என்று கேட்டாரே, அவரேதான். எனக்கு வாயில் ஆணி இருந்ததால் அழ முடியவில்லை. பிறகு பின்கட்டுக்குப் போய் ஆசைதீர அழுதேன்.

வில்ஃப், நீ பயந்து கைதூக்கவில்லை. முப்பது பேரின் உயிருக்காகத் தூக்கினாய். அந்த வெட்கத்தை இன்றோடு விட்டுவிடு. உன் பேச்சை மீறி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். கோபம் இருந்தால் நேரில் வந்து சண்டை போடு. மெடல் எதுவும் வேண்டாம், நீ வந்தால் போதும். கர்த்தர் உன்னையும் அந்த முப்பது பேரையும் காப்பாராக.

எப்போதும் போல ‘உன் அப்பா’ என்று முடிக்கத்தான் நினைத்தேன். இன்று அது போதவில்லை.

இப்படிக்கு,
மேஜர் வில்ஃப்ரெட் தோர்ன்பரின் அப்பா