நான்காவது ஞானஸ்நானச் சான்றிதழ்

சேக்காடு, ஆவடி
11.1.1994

அன்பு மகள் செலினுக்கு, அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டு எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் திடமாக இருக்கிறோம், ஜாம்ஷெட்பூர் குளிரில் நீ எப்படி இருக்கிறாய், காதை மூடிக்கொண்டு டியூட்டிக்குப் போகிறாயா. கண்ணு, என் மேலுள்ள கோபத்தை ஐந்து நிமிஷம் தள்ளி வைத்துவிட்டு இதைப் படி, உன் அம்மா தன்னைத்தானே கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்!

உன் ஞானஸ்நானச் சான்றிதழ் நம் கோயிலிலிருந்து வந்தால்தான் அங்கே உங்கள் சாமியார் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பார், வாசித்தால்தான் பிப்ரவரி ஒன்பதில் கல்யாணம், தவறினால் சாம்பல் புதன் வந்துவிடும், தவக்காலத்தில் தாலி கிடையாது, ஈஸ்டர் வரைக்கும் நீயும் சாக்கோவும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன்? முதல் சான்றிதழை மின்வாரியத்துக்கு அனுப்பிவிட்டு, கரண்ட் போகிறது என்ற புகார் மனுவை உனக்கு அனுப்பினேன். இரண்டாவதில் கிறிஸ்துமஸ் முறுக்கை எடுத்து வைத்து எண்ணெய் வடித்தேன். மூன்றாவதைத் தபாலாபீஸ் வரை கொண்டுபோய், தபால்தலையும் ஒட்டி, பெட்டிக்கு முன்னால் நின்று யாரிடமோ பேசிவிட்டு, முளைக்கீரையோடு பையில் வீட்டுக்கே திருப்பிக் கொண்டு வந்துவிட்டேன். எட்டு நாள் கழித்து எடுத்தால் உன் பெயரெல்லாம் பச்சை.

இப்போது கேள். திருநின்றவூரில் குடியிருக்கும் காலேஜ் விரிவுரையாளர் வசந்தகுமாரி அம்மா, நம் கோயில் ஞானோபதேச வகுப்பறையில் சனிக்கிழமைதோறும் மனப்பகுப்பாய்வுக்கு அறிமுக வகுப்பு எடுக்கிறார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் மனசு புரியட்டும் என்று எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ்தான் என்னை அனுப்பினார், எனக்கு என் மனசே ஊர் சிரிக்கப் புரிந்துவிட்டது. ஃப்ராய்டு என்ற டாக்டர் சொன்னாராம், நாம் அறியாத ஒரு மனசு நமக்குள்ளே இருக்கிறது, மறதிகூட அது பார்க்கிற வேலைதான் என்று. இதை அப்பாவிடம் சொன்னேன், நான் மறந்தால் வயசாச்சு, நீ மறந்தால் ஆழ்மனசா என்று கேட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார். மறுநாள் அவரே வந்து, டிக்கெட் இல்லாமல் ரயிலில் மாட்டிக்கொண்டதாகக் கனவு கண்டேன், அர்த்தம் சொல் என்றார். அர்த்தத்தை நான் சொல்லக்கூடாது, கண்டவருக்கு என்ன தோன்றுகிறதோ அதை அவரேதான் சொல்ல வேண்டும் என்றேன் கெத்தாக. யோசித்துப் பார்த்தால் அவர் சீசன் டிக்கெட் முடிந்து நாலு நாளாகியிருந்தது! அப்புறம் லக்கான் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். கைகால் இன்னும் சொன்ன பேச்சு கேட்காத குழந்தை, கண்ணாடியில் தன்னை முழு ஆளாகப் பார்த்துச் சொக்கிப் போகிறதாம், அந்த உருவத்தைத்தான் நான், நான் என்று ஆயுசுக்கும் நம்புகிறதாம். பத்து மாசத்தில் நீ பீரோக் கண்ணாடியைக் கரண்டியால் தட்டித் தட்டிச் சிரித்தது ஞாபகம் வந்தது. நான் இன்னமும் அந்தக் கண்ணாடியைத்தான் நம்புகிறேன், அதில் நான் ஒல்லி.

போன சனிக்கிழமை செய்முறை. இது வைத்தியம் இல்லை, எப்படி நடக்கும் என்று காட்டுவதற்கு மட்டும்தான், யார் வருகிறீர்கள் என்று அவர் கேட்டதும் நான்தான் முந்திக்கொண்டேன். இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு என்னைப் படுக்க வைத்து, தலைமாட்டில் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்து, மனசில் வருவதை வடிகட்டாமல் சொல்லுங்கள் என்றார். எதிரே முகம் இல்லை, பின்னால் மூச்சுச் சத்தம் மட்டும், கோயிலில் பாவமன்னிப்புக் கேட்கிற கூண்டு மாதிரியே, நான் என்ன கண்டேன், கை தானாகச் சிலுவை போட்டது, பாவசங்கீர்த்தனம் செய்து மூன்று மாதம் ஆகிறது சுவாமி என்று ஆரம்பித்துவிட்டேன்! வகுப்பே கொல்லென்று சிரித்தது. டீ கொண்டு வந்த எங்கள் பள்ளிக்கூடத்து ஆயா நாகம்மா, இன்னா டீச்சரே, முட்டி போட்டுகினு சொல்றத இப்ப படுத்துகினு சொல்றியா, நல்லா சொகமா கீதே என்றாள். நானும் சிரித்துக்கொண்டே மின்வாரியம், முறுக்கு, கீரை எல்லாவற்றையும் கொட்டினேன். கொட்டிக்கொண்டே போனவள், அந்தக் காகிதம் என் கையில் இருக்கிற வரைக்கும் அவள் ஆவடிப் பெண் என்றேன். இன்றைக்கு இது போதும் என்று வசந்தகுமாரி அம்மா பட்டென்று எழுந்துவிட்டார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான் படுத்தபடியே, அபராதம் எத்தனை அருள்நிறைந்த மந்திரம் என்று கேட்டேன். இங்க அபராதமும் இல்ல, மன்னிப்பும் இல்லைங்க, கடைசியா நீங்க சொன்னது உங்க காதுல விழுந்துச்சா, அதான் என்றார். விழுந்தது கண்ணு. வேண்டிய இடத்தில் பேச்சை வெட்டுவதும் லக்கான் முறையாம். மாப்பிள்ளை பிடித்திருக்கிறது, சம்பந்தியம்மாவையும் பிடித்திருக்கிறது, நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து உன்னை அனுப்ப மாட்டேன் என்று முறுக்கு சுட்டிருக்கிறேன்.

இன்று காலை நாலாவது சான்றிதழுக்குப் போனேன். உபதேசியார் பாஸ்கல் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, இன்னும் எத்தினி தபா ஞானஸ்நானம் வாங்கப்போவுது உம் பொண்ணு என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் பெரிய பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். உன் பெயர், உன் தேதி, பக்கத்தில் கல்யாணம் என்று தலைப்புப் போட்டு ஒரு காலிக் கட்டம். எங்க கட்டிக்கினாலும் அந்த ஊர் சாமியார் இங்க எழுதி அனுப்பணும் டீச்சரம்மா, நாம இதுல ஏத்தணும், அது நம்ம புஸ்தகம், எங்கயும் போவாது என்றார். இருபத்தாறு வருஷமாக இந்தக் கோயிலுக்குப் போகிறேன், அந்தக் கட்டத்தை நான் பார்த்ததே இல்லை.

இதைத் தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நாகம்மா பக்கத்தில் காவல். கீரை வாங்கவில்லை. ரிஜிஸ்தர் ரசீது கைக்கு வராமல் நான் எழுந்திருக்க மாட்டேன். பிரித்ததும் முதலில் உள்ளே இருப்பது சான்றிதழ்தானா என்று பார், ரேஷன் கார்டாக இருந்தால் உடனே தந்தி அடி. நானும் அப்பாவும் ஆறாம் தேதியே அங்கே இருப்போம். மாதாவும் காவல் சம்மனசுகளும் உன்னையும் சாக்கோவையும் கையணைத்துக் காக்கட்டும். கல்யாணம் முடிந்த கையோடு உங்கள் சாமியாரை நச்சரித்து இங்கே எழுதிப் போடச் சொல், கட்டம் காத்திருக்கிறது.

இப்படிக்கு,
இனி எதையும் மறக்காத (என்று நினைத்துக்கொண்டிருக்கும்) உன் அம்மா,
ஜெயசீலி பிரகாசம்