தாடி எடுக்கும் நாள்

கூடையை வாசலில் வைத்துவிட்டு இன்ஷிராஹ் மறுபடி உள்ளே வந்து, உறங்கும் கணவனின் தலைமாட்டில் ரேசரையும் இந்தச் சீட்டையும் வைத்தாள்.

அபூ மஹ்ரூஸ்,

மதியம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் ஹரீதி தன்னைப் புதைக்கிற கஃபன் துணியைக் கையில ஏந்திக்கிட்டு மன்னிப்புக் கேக்க நம்ம வாசலுக்கு வர்றான். உங்க அண்ணனைக் கொன்னவனை மன்னிக்கிறேன்னு பெரியவங்ககிட்ட வாக்குக் குடுத்துட்டு, நேத்து "அவன் கழுத்தை அறுத்துட்டுதான்டி தாடியை எடுப்பேன்"னு கத்துனீங்க. குறுக்கே வந்ததுக்கு என் உதடு கிழிஞ்சுபோச்சு.

பழிக்காக வளர்த்த தாடியோட நின்னா மன்னிக்கலைன்னு அர்த்தம். அவங்க ஆளுங்க சுட ஆரம்பிச்சுடுவாங்க. நாவிதன்கிட்டப் போகாதீங்க, அவன் ஹரீதியோட மச்சான். நீங்க தூங்கறப்பவே கத்தரியால ஒட்ட வெட்டிட்டேன், தடவிப் பாருங்க. மிச்சத்தை வெந்நீர்ல ஊறவெச்சு, நுரை போட்டு, முடி வளர்ற பக்கமாவே இழுங்க. பிளேடு புதுசு, அழுத்தாதீங்க.

ரொட்டி மூடி வெச்சிருக்கேன். துப்பாக்கி, கத்தி, கத்தரி எல்லாம் என்கூட அம்மா வீட்டுக்கு வருது.

இன்ஷிராஹ்

இன்னொண்ணு: "சவரக்கத்தி வாங்காம எதுக்குடி இந்தப் பொம்மை?"ன்னு கேட்டீங்களே. இதுல பிளேடு நூலளவுதான் வெளிய தெரியும். எவ்வளவு வெறியோட அழுத்தினாலும் ரத்தம் உங்க கன்னத்துலதான் வரும். படிகாரம் ஜன்னல்ல இருக்கு.